இது வாழ்த்து அல்ல

ஏப்ரல் 3

வேலை கிடைத்திருக்கிறது. என் மனைவி எழில் இதை வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

"எத்தனை மாசத்துக்கு?"

"ரெண்டு."

"அப்ப அது சீசன்."

கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் பொன்விழா. நிறுவனரின் வாழ்க்கையை இசை நாடகமாகப் போடுகிறார்கள். பெயர் 'அடி நானூறு'. அந்த ஆழத்தில்தான் அவருக்கு முதல் தண்ணீர் வந்ததாம். பாட்டுகளுக்கு மெட்டுப் போடுகிறவர் சென்னையில் இருக்கிறார். கார் ஓட்டிக்கொண்டே பாடிக் குரல் பதிவாக அனுப்புகிறார். ஒவ்வொரு மெட்டுக்குப் பின்னாலும் இண்டிகேட்டர் சத்தம் தாளம் தப்பாமல் வருகிறது. அதையெல்லாம் ஒரு சிறிய வாத்தியக் குழு வாசிக்கும்படி எழுதி, நின்று நடத்துவது என் பொறுப்பு. அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கும். நான் 'மற்றும் குழுவினர்'.

ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் முன்னிசை. எம்.ஏ.வில் என் ஆய்வே அதுதான். விளக்கு அணைந்த பிறகு, திரை தூக்கும் முன்பு, குழு மட்டும் வாசிக்கிற ஐந்து நிமிடம். வரப்போகிற மெட்டுகள் எல்லாம் அதில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு மறையும். பிறகு நாடகத்தில் அந்தப் பாட்டு வரும்போது, முதல் தடவை கேட்கிறவனுக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டு போலிருக்கும். ஏமாற்று வேலைதான். நாகரிகமான ஏமாற்று வேலை.

மேலைநாடுகளில் புகழ்பெற்ற பல முன்னிசைகளை எழுதியவர் அந்தந்த நாடகத்தின் இசையமைப்பாளர் அல்ல. பெயர் வராத ஒரு 'மற்றும் குழுவினர்'. இதற்கு ஆய்வேட்டில் ஓர் இயல் ஒதுக்கியிருந்தேன். வழிகாட்டி அதைப் பின்னிணைப்பாக்கச் சொன்னார்.

ஏப்ரல் 8

முதல் ஒத்திகை. கம்பெனிக் கேன்டீன். இயக்குநர் குலசேகரன், அங்கே பணியாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக ஆண்டுவிழா நாடகம் போடுகிறார். எல்லா நாடகத்திலும் கடைசியில் தொழிலாளியும் முதலாளியும் கட்டிப்பிடிப்பார்கள்.

"ஏனுங் தம்பி, திரையே தூக்காம வாசிச்சா சனம் எதைப் பாக்கறதுங்?"

"பாக்க வேண்டாம் சார். கேக்கணும்."

"கேக்கறதுக்கு எதுக்குங் இத்தன தூரம் வரோணும்? ஊட்லயே கேட்டுக்கலாமே."

நிறுவனர் சென்னியப்பன் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் 'பெரியவர்'. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்கறாப்பல. அதானே கண்ணு? வெச்சுக்க."

அவ்வளவுதான். என் முன்னிசைக்கு அனுமதியும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது. ஒத்திகை முடிவதற்குள் டீ கொண்டுவருகிறவர் வரை அதை ஸ்டார்ட்டர் என்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரல் 11

கீபோர்டு வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளும் விடுமுறை. துணி காயப்போட்டேன்.

எழில் வழக்கம்போலக் காலையில் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். தேடும்போது ஏதோ முனகுவாள். சில சுரங்கள்தான். இறங்கும், இன்னும் இறங்கும், கடைசியில் கேள்வி கேட்பதுபோல ஏறி நிற்கும். சாவி கிடைத்த நிமிடம் நின்றுவிடும். கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னேன். "நானா? எனக்குப் பாடவே வராது, பொய் சொல்லாத" என்றாள். அதன் பிறகு சொல்லவில்லை.

சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

ஏப்ரல் 17

வங்கியில் எழிலுக்குப் பதவி உயர்வு. நாக்பூர் கிளை. ஜூன் நடுவில் அங்கே சேர வேண்டும். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தால் இங்கேயே, இதே நாற்காலியில் இருக்கலாம். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்ன பண்ணட்டும், ஜோ?"

"உன் இஷ்டம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சாதம் குழைந்துவிட்டது.

ட்ரம்பெட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டார்.

ஏப்ரல் 20

மரியசூசை. போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். நோட்ஸ் படிப்பார். முன்னிசை ட்ரம்பெட்டில்தான் தொடங்குகிறது. விடியற்காலையில் யாரோ தூரத்தில் கூப்பிடுவதுபோல, மெதுவாக, கொஞ்சம் தயக்கத்தோடு. அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அவர் எழுந்து, பூட்ஸ் இரண்டையும் சேர்த்து வைத்து, நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். கவர்னர் வந்து இறங்கியதுபோல இருந்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சாதாரணமா."

"சாதாரணமாத்தான் தம்பி ஊதுனேன். முப்பது வருசம் கொடி ஏத்தறதுக்கு ஊதுன வாயி. அது தானா அட்டென்ஷன்ல நிக்கும்."

உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். உட்கார்ந்தபடியே விறைப்பாக வாசித்தார்.

ஏப்ரல் 29

முன்னிசையின் நடுப்பகுதி இரண்டு வாரமாகக் கூடிவராமல் இருந்தது. இன்று வந்துவிட்டது. வயலின் மட்டும். இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பகுதி தொடங்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. காலை, எழில் கிளம்பின கையோடு எழுதி முடித்தேன். வீடு கலைந்து கிடந்தது. சோபா மெத்தைகள் தரையில், என் புத்தகங்கள் கட்டிலில். எல்லாவற்றையும் எடுத்து வைக்கவே மதியமாகிவிட்டது.

அதற்கு 'இணைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். தொழில்முறைப் பெயர்.

மே 5

பாட்டுகள் விழத் தொடங்கிவிட்டன.

முதலில் காதல் பாட்டு. பெரியவரின் மகள்தான் இப்போது எம்.டி. ஒத்திகை பார்க்க வந்தார். கதாநாயகனும் நாயகியும் கிணற்றைச் சுற்றி இரண்டாவது வட்டம் வருவதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"ஜோயல், எங்கப்பா எங்கம்மா கையப் புடிச்சுக்கூட நாங்க பாத்ததில்ல. கெணத்தச் சுத்தி ஓடவுடறீங்க?"

"அது உணர்வுதாங்க மேடம்."

"ஏனுங்ப்பா, நீங்க ஓடுனீங்களா?"

பெரியவர் கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "யாரு பாத்தா" என்றார். ஓடினேன் என்றும் சொல்லவில்லை, ஓடவில்லை என்றும் சொல்லவில்லை. பாட்டு போய்விட்டது.

அடுத்தது கரண்ட் போகிற பாட்டு. நாடகத்திலேயே நல்ல பாட்டு அது. இருட்டில் அத்தனை பேரும் பாட, மெழுகுவத்தி ஒவ்வொன்றாகப் பற்றும். மின்சாரத் துறை அதிகாரிகள் விழாவுக்கு வருகிறார்களாம். அதுவும் போய்விட்டது.

இரண்டு மெட்டும் முன்னிசையில் அப்படியே இருக்கின்றன. வராத பாட்டுகளுக்கு அது அறிமுகம் செய்து வைக்கிறது. பார்வையாளர் கடைசிவரை காத்திருப்பார்கள், எதற்கென்று தெரியாமலேயே.

மே 12

குலசேகரனோடு சண்டை.

"தம்பி, ஸ்டார்ட்டர் நீளமாப் போகுதுங். நடுவுல பிடில் ஒண்ணு இழுக்குதே, அது எந்தப் பாட்டுங்?"

"எந்தப் பாட்டும் இல்ல சார். இணைப்பு."

"நாடகத்துல வராத மெட்டு நமக்கெதுக்குங்? எடுத்துருங்."

அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுக்கிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், கேன்டீனில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. இணைப்பு இல்லாவிட்டால் மொத்தக் கட்டுமானமும் சரியும் என்று விளக்கினேன். ஆய்வேட்டில் இருந்து இரண்டு வாக்கியம் மேற்கோள் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பணியாளர் துறையில் இருபது வருடம் லீவு கேட்டு வந்தவர்களைப் பார்த்த பழக்கம் தெரிந்தது.

"ஊட்ல எல்லாம் சௌக்கியந்தானுங்களே?" என்றார்.

கடைசியில் நாடகத்தின் முக்கியப் பாட்டு, சென்னைக்காரரின் சொந்த மெட்டு, அதை முன்னிசையில் இருந்து எடுத்தேன். இணைப்பு இருக்கிறது. இது கொள்கைப் பிரச்சினை.

மே 15

ஒத்திகைப் பதிவை எழிலுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முதலில் ட்ரம்பெட். "போலீஸ் வருது" என்றாள். பிறகு கிணற்றுப் பாட்டு. பிறகு வயலின்.

கத்தி நின்றது.

"இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"எங்க?"

"தெரியல. வெளம்பரம் எதுலயோ. பினாயில்?"

பதிவை நிறுத்திவிட்டேன். பால் பாக்கெட்டை ஏன் வெளியே வைத்தாய் என்று கேட்டேன். அந்தச் சண்டை ஒரு மணி நேரம் போயிற்று.

மே 20

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும். வேணாம்னு எழுதிக் குடுத்துரட்டா?"

"உன் இஷ்டம், எழில்."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும்டா. உன்னைக் கேக்கறேன். நீ வருவியா, இல்ல என்னை இருன்னு சொல்லுவியா?"

"நாடகம் முடியட்டும். பேசலாம்."

"நாடகம் முடியறது ஜூன்ல. கையெழுத்து இந்த வாரம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளிருந்து குரல் அடைத்தாற்போல வந்தது. "நீ எப்பவுமே இப்படித்தான் ஜோ. வாசிச்சிட்டே இருப்ப. திரையத் தூக்கவே மாட்ட."

நல்ல வாக்கியம். குறித்து வைக்கிறேன்.

மே 25

எழில் புதிதாக ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். சிவப்பு. சின்னப் பூட்டும், நூலில் கோத்த ஒரே ஒரு சாவியும். கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நேற்றே போய்விட்டது.

மே 28

நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. முன்னிசை நாடகத்துக்கு முன்னால் இல்லை. விழாவுக்கு முன்னால் வருகிறது. தலைமை விருந்தினர் அரங்குக்குள் நடந்து வரும்போது வாசிக்க வேண்டும். அதன் பிறகு வாழ்த்துப் பாடல், குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை. எல்லாம் முடிந்த பிறகுதான் நாடகம். மூன்று நாளும் வெவ்வேறு விருந்தினர், ஆனால் இதே வரிசை.

முன்னிசைக்கும் நாடகத்துக்கும் நடுவே முக்கால் மணி நேரச் சொற்பொழிவு. அதாவது நான் எழுதியிருப்பது வரவேற்புரைக்கு முன்னிசை.

"சும்மா நடந்து வந்தா நல்லாருக்காதுங் தம்பி" என்றார் குலசேகரன். "பின்னாடி உங்குளுது ஓடுச்சுன்னா ஒரு கெத்து."

ஆய்வின்போது ஒரு பழைய மேடைப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முன்னிசை தொடங்குகிறது, யாரோ இருமுகிறார்கள், யாரோ காகிதத்தைப் பிரித்து மிட்டாய் தின்கிறார்கள். வயலின் ஏறும் இடத்தில் எல்லாச் சத்தமும் ஒரே நொடியில் அடங்குகிறது. அந்த அமைதியைத்தான் நான் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். இசையை அல்ல. அப்படி ஓர் அமைதி எனக்கு ஒரு தடவை கிடைத்தால் போதும்.

ஜூன் 2

எழில் பத்தாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கும் சேர்த்து எடுக்கட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

இதை உடனே எழுத வேண்டும்.

கேட்டார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. கம்பெனி ஆட்கள், குடும்பங்கள், கைக்குழந்தைகள், பஃப்ஸ் பொட்டலங்கள். அந்த இரைச்சலில் என் முன்னிசை எறும்புபோல நசுங்கும் என்று நினைத்துத்தான் குழுவின் முன்னால் போய் நின்றேன். முதுகு அரங்குக்கு, முகம் குழுவுக்கு. விருந்தினர் உள்ளே வந்ததும் குலசேகரன் கைக்குட்டையை ஆட்டினார். மரியசூசை எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்ல நேரமில்லை. ஊதினார்.

மூன்றாவது வரியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. மழை வருவதுபோல, முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைவரை போயிற்று. அதன் பிறகு எதுவும் இல்லை. முழு அமைதி. ஒரு ஃபோன் இல்லை. பொட்டலம் பிரிக்கும் சத்தம் இல்லை. குழந்தை ஒன்று அழ ஆரம்பித்ததும் யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். கிணற்றுப் பாட்டு, கரண்ட் பாட்டு, இணைப்பு, எல்லாவற்றுக்கும் அதே அமைதி. இணைப்பில் வயலின் கடைசியாக ஏறி நின்றபோது மின்விசிறி சுற்றுவது கேட்டது.

முடித்துத் திரும்பினேன். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

கடைசி வரிசைவரை. விருந்தினர் கைகளை உடம்போடு ஒட்டி நிமிர்ந்து நின்றார். பெரியவர் கைத்தடியை ஊன்றி நின்றார். கைதட்டல் இல்லை. கைதட்டலுக்கு மேற்பட்ட ஒரு நிலை அது. நான் குனிந்து வணங்கினேன். இரண்டாவது தடவையும் வணங்கினேன். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்து வாழ்த்துப் பாடல் என்று அறிவித்தபோது யாரோ "மறுக்காவா?" என்று சலித்துக்கொண்டது மட்டும் கேட்டது. என்ன என்று புரியவில்லை.

எழில் பின்வரிசையில் இருந்தாள். வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். "எழுந்து நின்னாங்க எழில். எல்லாரும்."

"ஆமா ஜோ. நானும் நின்னேன்."

ஜூன் 8, சனி, காலை

குலசேகரன் ஃபோன் செய்தார்.

"தம்பி, நேத்து ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங். நம்ம போலீஸ்காரர் ஊதுனாருங்களா, சீஃப் கெஸ்ட்டு அதை வாழ்த்துன்னு நெனச்சு நின்னுட்டாருங். அவரு நின்னா சனமும் நிக்கோணுமில்லீங். அஞ்சு நிமிஷம்! என்றா வாழ்த்து இன்னும் முடியலயேன்னு பக்கத்துல இருந்தவரு கேக்கறாரு. கால் வலி ஆளுக எல்லாம் திட்டிப் போட்டாங்க. இன்னைக்கு அறிவிப்புப் பண்ணிரலாமுங்."

சரி என்றேன். 

எழில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"ஏன் நின்னாங்கன்னு."

தோசையைத் திருப்பினாள். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை குனிஞ்சு கும்பிட்ட. உன் மூஞ்சி அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல ஜோ. அதான்." பிறகு சொன்னாள், "அதுவுமில்லாம, எதுக்கு நிக்கறாங்கன்னு நெனச்சுக்கறது உன் இஷ்டம்."

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

சனி, இரவு

"பெரியோர்களே, தாய்மார்களே. இப்போது ஒலிக்க இருப்பது இசை மட்டுமே. இது வாழ்த்து அல்ல. யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. இது வாழ்த்து அல்ல."

இரண்டு தடவை சொன்னார்கள். எழுந்து நிற்க வேண்டியதில்லை என்றால் கேட்கவும் வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். பஃப்ஸ். "டேய் சீட்டுப் புடிச்சு வெய்யிடா." "மாமோய், இங்க, இங்க." இணைப்பு வாசிக்கும்போது இரண்டாவது வரிசையில் ஒருவர் ஃபோனில் லாரி எந்த டோல்கேட்டில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கரூர் தாண்டிவிட்டதாம்.

நான் தேடிய அமைதி ஒரு தவறால் கிடைத்தது. தவறு திருத்தப்பட்டுவிட்டது. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். எழுத மாட்டேன்.

எழில் இன்று வரவில்லை. துணி அடுக்குகிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

கடைசிக் காட்சி. பிற்பகல் மூன்று மணிக்கு.

காலையில் சிவப்புப் பெட்டியின் சாவியைக் காணவில்லை. எழில் வீட்டைப் புரட்டினாள். அலமாரி, மிளகாய்த்தூள் டப்பா, என் நோட்ஸ் கட்டுகள். நான் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், குழு நடத்த கம்பெனி தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டு. அவள் தேடத் தேட முனகல். இறங்கி, இன்னும் இறங்கி.

ஏறவில்லை. பாதியில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் தலையணை, ஒரு கையில் உறை. அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஜோ."

"ம்?"

"பினாயில் இல்ல."

"என்னது?"

"ஒண்ணுமில்ல." தலையணையை உறைக்குள் போட்டாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு போட்டாள். "ஷோ மூணு மணிக்குத்தானே? முன்னாடி வரிசையா ஒரு சீட்டு சொல்லி வை."

சாவி கிடைக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுத்தேன். அறிவிப்பு வந்தது. இது வாழ்த்து அல்ல. அரங்கம் நன்றாகப் பேசத் தொடங்கியது. மரியசூசை ஊதினார். கிணற்றுப் பாட்டு இரைச்சலில் போயிற்று. கரண்ட் பாட்டு போயிற்று. வயலினுக்குக் கை காட்டினேன்.

பின்னால் ஒரு குரல். "யக்கா, உக்காருங்க. மறைக்குது."

இன்னொரு குரல். "அம்மிணி, அதான் எந்திரிக்க வேண்டாம்னு சொன்னாங்களே. காது கேக்காதா?"

குழு நடத்துகிறவன் அரங்கைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தேன்.

அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, எழில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டியபடி, பஸ் வரும் திசையைப் பார்க்கிற மாதிரி, நேராக என்னைப் பார்த்து. உதட்டில் ஓர் அசைவு. முனகினாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

முன்வரிசையில் பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். யோசித்தார். பிறகு கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். முதலாளி எழுந்தால் மகள் எழ வேண்டும். மகள் எழுந்ததும் மேனேஜர்கள். மேனேஜர்கள் எழுந்ததும் அந்த மழைச் சலசலப்பு மறுபடி, வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. டோல்கேட், பஃப்ஸ், மாமோய், எல்லாம் நின்றன. மொத்த அரங்கமும், எதற்கென்று தெரியாமல், ஒரு வங்கி அதிகாரி காலையில் சாவி தேடும் மெட்டுக்கு எழுந்து நின்றது. மரியசூசை தன் பகுதி முடிந்திருந்தும் ட்ரம்பெட்டை மார்போடு சேர்த்து விறைப்பாக நின்றார்.

வயலின் கேள்வியில் ஏறி நின்றது. நான் அடுத்த பகுதியைத் தொடங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வயலின்காரப் பெண் வில்லை ஓட்டிக்கொண்டே கண்ணால் என்னைத் திட்டினாள்.

பிறகு எழில் உட்கார்ந்தாள். அவள் மட்டும்தான். மற்றவர்கள் கடைசிவரை நின்றார்கள்.

நாடகம் நன்றாகப் போனதாகச் சொன்னார்கள். கடைசியில் தொழிலாளியும் முதலாளியும் கட்டிப்பிடித்தார்கள். கிளம்பும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இன்னைக்கு எதுக்கு நின்னோம்?"

"தெரியலீங்கய்யா."

"நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் குனிந்து, மகளுக்குக் கேட்காமல் சொன்னார், "கெணத்தச் சுத்தி ஓடுனது நெசந்தான்."

அரங்கத்துக்கு வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஃபோனில் டிக்கெட் போட்டேன். காத்திருப்புப் பட்டியல். எழிலிடம் சொல்வதற்குள் அவளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இது கன்ஃபர்ம் ஆகாது."

"தெரியும்."

"உன் கிளாஸ் பசங்க?"

"வேற மாஸ்டரைப் பாத்துக்குவாங்க."

"நாக்பூர்ல என்னடா பண்ணுவ?"

தெரியவில்லை என்றேன். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சாவியைத் தேடவில்லை. வண்டியிலேயே இருந்தது.

ஜூன் 10, திங்கள்

பெட்டிச் சாவி கறுப்புக் கோட்டின் உள்பையில் இருந்தது. அது எப்படி அங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழிலிடம் கொடுத்தேன். அவளும் கேட்கவில்லை. வாங்கிக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

ரயிலில் எழுதுகிறேன். சேலம் தாண்டிவிட்டது. எழுத்து ஆடுகிறது.

எனக்கு இடம் இல்லை; காத்திருப்பு டிக்கெட் ரத்தாகி, பொது டிக்கெட்டில் ஏறியிருக்கிறேன். ஆந்திரா போன பிறகு பார்க்கலாம் என்று டிக்கெட் பரிசோதகர் சொல்லியிருக்கிறார். அவர் குரலில் என் குரல் கேட்டது. எழிலின் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நிற்கிறேன். மேல் படுக்கையில் இருந்து ஒரு குழந்தை என் தலையில் முறுக்கை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. எதிரில் இருக்கிற அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார், ஏன் தம்பி நிக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி உக்காரலாமே. பரவாயில்லைங்க என்றேன். எவ்வளவு தூரம் போகணும் என்றார். நாக்பூர் என்றேன். அவர் எழிலைப் பார்த்தார்.

எழில் ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள்.

"டேய், இது வாழ்த்து இல்ல. உக்காரு."